சோற்றுக் கடனா, பற்றா? நாய்க்கும் மனிதருக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஏழாம் மாடியில் இருக்கிறோம். கடல் பக்கத்து யன்னலைத் திறந்தால் கீழே ரயில் பாதை தெரியும். எங்கள் மணி பகல் முழுக்க அந்த யன்னலடியில்தான் படுத்திருப்பான். நான்கு வருடங்களுக்கு முன்னர் ஒரு மழை நாளில், காலி வீதிக் கடையொன்றின் படிக்குக் கீழே நனைந்து கிடந்த குட்டி அவன். இப்போது பதினெட்டுக் கிலோ. கபில நிறம். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது மடிந்து தொங்கும். என்ன இனம் என்று யாராவது கேட்டால் ஊர் நாய் என்று சொல்வோம்.

அவனைக் கூட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கும்போது மூன்றாம் மாடி அன்ரி ஏறினால் ஒரு வசனம் தவறாமல் வரும். "நாய் நல்ல நன்றியுள்ள சீவன் தம்பி. ஒரு பிடி சோறு போட்டால் காணும், சாகும்வரைக்கும் மறக்காது." அவர் மணியைப் பாராட்டித்தான் சொல்கிறார். நானும் நெடுநாளாக அப்படித்தான் நம்பியிருந்தேன்.

போன வருடம் தங்கச்சியின் கலியாணத்துக்காக யாழ்ப்பாணம் போனோம். ஆறு நாள். மணியை தெஹிவளையில் மாமி வீட்டில் விட்டோம். மாமி நாய்களோடு வளர்ந்தவர், முற்றமுள்ள வீடு, சமையலில் குறை வைக்கவே மாட்டார். இரண்டாம் நாள் இரவு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, இவன் ஒண்டும் சாப்பிடுறான் இல்லையடா. கேற்றடியிலயே படுத்திருக்கிறான். மீன்தலை போட்டு அவிச்சுக் குடுத்தும் மணந்துபோட்டு முகத்தைத் திருப்பிட்டான்."

சோறு போட்ட கைக்குத்தான் நாய் விசுவாசம் என்றால், மீன்தலையோடு வந்த மாமியின் கையை அவன் ஏன் ஏற்கவில்லை? அன்றிரவு எனக்குள் வந்த இந்தக் கேள்விக்கு, கடந்த சில பத்தாண்டுகளில் விஞ்ஞானிகள் நல்ல பதில்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் ஆட்கள் நாயைப் பற்றி எவ்வளவோ கதைக்கிறோம், ஆனால் இந்த விஷயம் மட்டும் இன்னமும் சோற்றுக் கணக்கிலேயே நிற்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நன்றி என்ற சொல் எங்கே இடிக்கிறது

நன்றி என்பது ஒரு கணக்கு. ஒருவர் எனக்கு ஒன்று செய்தார், அதை நான் நினைவில் வைத்திருக்கிறேன், ஒரு நாள் திருப்பிச் செய்வேன். கொடுத்தவர், பெற்றவர், கடன் என்ற மூன்றும் இல்லாமல் நன்றி இல்லை.

நாயின் நடத்தையை இந்தக் கணக்குக்குள் அடக்கப் பார்த்தால் பல விஷயங்கள் வெளியே நிற்கும். வீட்டில் சோறு வைப்பவர் ஒருவராக இருக்கும், நாய் போய்ப் படுப்பது இன்னொருவரின் காலடியில். எங்கள் வீட்டில் மணிக்கு மூன்று வேளையும் சாப்பாடு வைப்பது அம்மா. ஆனால் இடி இடித்தால் அவன் ஓடி வந்து ஒளிவது அப்பாவின் கதிரைக்குக் கீழே. அப்பா அவனுக்கு ஒரு பிஸ்கட் துண்டுகூடப் போட்டதில்லை. பின்னேரங்களில் பக்கத்தில் இருந்து காதைத் தடவிவிடுவார், அவ்வளவுதான்.

ஆக, சோறு இந்த உறவின் ஒரு பகுதி மட்டுமே, அதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வேரைக் காண, நாயை விட்டுவிட்டு முதலில் ஒரு குழந்தையைப் பார்ப்போம்.

காலிமுகத்திடலில் ஒரு குழந்தை

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காலிமுகத்திடலுக்குப் போய்ப் பாருங்கள். புல்லில் பாய் விரித்து அம்மா இருப்பார். இரண்டு வயதுப் பிள்ளை பட்டத்தைப் பார்த்து ஓடும். பத்து அடி போனதும் நின்று திரும்பிப் பார்க்கும். அம்மா அங்கேயே இருக்கிறார். திரும்பவும் ஓடும், இந்த முறை இருபது அடி. யாரோ ஒருவரின் பெரிய குரல் கேட்டால் அப்படியே திரும்பி ஓடிவந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நிமிடத்தில் பயம் தெளிந்துவிடும், மறுபடி பட்டத்திடம்.

அந்தப் பிள்ளை அம்மாவிடம் வருவது பசியால் அல்ல. அம்மா அதற்கு ஒரு துறைமுகம். துறைமுகம் இருக்கிறது என்ற உறுதி இருப்பதால்தான் கப்பல் நடுக்கடலுக்குப் போகிறது, புயல் வந்தால் அதற்குள்ளே ஒதுங்குகிறது. பிரித்தானிய மனநல மருத்துவர் ஜோன் பௌல்பி இப்படியான உறவை விரிவாக ஆராய்ந்தார். ஒரு உயிர், குறிப்பிட்ட ஓர் ஆளைத் தன் பாதுகாப்பின் இடமாக வைத்து, அவர் அருகில் இருக்கும்போது துணிவும் அவர் பிரியும்போது கலக்கமும் கொள்ளும் உறவை இந்தக் கட்டுரையில் பற்றுறவு என்று சொல்கிறேன்.

பற்றுறவு உணவால் வருவதில்லை என்று காட்டிய ஒரு பரிசோதனை உண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஹரி ஹார்லோ என்ற உளவியலாளர், குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து இரண்டு பொம்மைத் தாய்களோடு விட்டார். ஒன்று கம்பியால் செய்தது, மற்றது மென்மையான துணி சுற்றியது. பால் போத்தல் கம்பித் தாயில் இருந்தபோதுகூடக் குட்டிகள் பால் குடிக்கும் நேரத்துக்கு மட்டும் அங்கே போயின, மற்ற நேரமெல்லாம் துணித் தாயையே கட்டிப்பிடித்துக் கிடந்தன. பயமுறுத்தும் பொருளொன்றைக் காட்டியபோதும் துணித் தாயிடமே ஓடின. மனம் கனக்கச் செய்யும் பரிசோதனைதான், அதைச் செய்திருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் குட்டிகள் சொன்ன பதில் தெளிவானது. பால் கொடுப்பவர் வேறு, தாய் வேறு.

நாய்க்கும் இந்தப் பற்றுறவு உண்டா?

குழந்தைகளின் பற்றுறவை அளக்க மேரி ஐன்ஸ்வர்த் என்ற உளவியலாளர் ஒரு எளிய வழி வைத்திருந்தார். பழக்கமில்லாத ஓர் அறை, கொஞ்சம் விளையாட்டுச் சாமான்கள். அம்மாவும் பிள்ளையும் உள்ளே வருவார்கள். பிறகு முன்பின் தெரியாத ஒருவர் வருவார். அம்மா வெளியே போவார், சில நிமிடங்களில் திரும்புவார். அம்மா இருக்கும்போதும் இல்லாதபோதும் திரும்பி வரும்போதும் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள்.

1998இல் ஹங்கேரியின் புடாபெஸ்ற்றில் யோஷெஃப் தொப்பாலும் சக ஆய்வாளர்களும் இதே அறைக்குள் நாய்களைக் கொண்டுவந்தார்கள். 51 நாய்கள், அவற்றின் 51 சொந்தக்காரர்கள். சொந்தக்காரர் அறைக்குள் இருக்கும்போது நாய்கள் அதிகமாக விளையாடின, மூலைமூலையாக மணந்து சுற்றின. அவர் வெளியே போனதும் பல நாய்கள் விளையாட்டை விட்டுவிட்டுக் கதவடியில் போய் நின்றன. புதியவர் அங்கேயே இருந்தும், விளையாடக் கூப்பிட்டும், அவரால் அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை. சொந்தக்காரர் திரும்பி வந்தபோது நாய்கள் அவரை வரவேற்ற விதமும் புதியவரை வரவேற்ற விதமும் ஒன்றல்ல.

காலிமுகத்திடல் குழந்தையை இப்போது நினைத்துப் பாருங்கள். மாமி வீட்டுக் கேற்றடியில் படுத்திருந்த மணியையும்.

அதே ஆய்வுக்குழு 2001இல் இன்னொன்றும் செய்தது. காப்பகத்தில் இருந்த, வளர்ந்த நாய்கள். ஒரு மனிதர் ஒவ்வொன்றோடும் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை மட்டும் இருந்தார், தடவிக்கொடுத்தார், கதைத்தார். அவ்வளவிலேயே அவரிடம் பற்றுறவின் அடையாளங்களை அந்த நாய்கள் காட்டத் தொடங்கின. முப்பது நிமிடம்! "பெரிய நாயை எடுத்தா ஒட்டாது, குட்டியாத்தான் எடுக்க வேணும்" என்று சொல்பவர்களைக் காணும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நாய்க்கு நம்மோடு உள்ள உறவு பெற்ற சோற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும் கடன் அல்ல. பிள்ளைக்கும் தாய்க்கும் இடையிலுள்ளதைப் போன்ற பற்றுறவு. அந்த ஆள் அருகில் இருந்தால் உலகம் பாதுகாப்பானது, இல்லாவிட்டால் இல்லை.

பார்வைக்குள் என்ன ஓடுகிறது

இந்த உறவு உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது? ஒக்சிடோசின் என்ற ஒரு ஹோர்மோனைப் பற்றித் தெரிந்தால் போதும். ஹோர்மோன் என்பது உடம்பின் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து அனுப்பும் இரசாயனச் செய்தி. ஒக்சிடோசினைப் பிள்ளை பெற்ற அம்மாக்கள் எல்லோரும் அறிவார்கள், பெயர்தான் தெரிந்திராது. பிரசவத்தில் கருப்பையைச் சுருங்கச் செய்வது அதுதான். பிள்ளை அழும் சத்தம் கேட்டதுமே மார்பில் பால் சுரந்து வருகிறதே, அந்தப் பாலை இறக்குவதும் அதுதான். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே பிணைப்பு இறுகுவதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

2015இல் ஜப்பானின் அஸாபு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஹோ நாகாசாவாவும் தகேஃபுமி கிகுசுயியும் தங்கள் குழுவோடு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாயையும் சொந்தக்காரரையும் ஓர் அறையில் அரை மணி நேரம் விட்டார்கள். முன்னும் பின்னும் இருவரின் சிறுநீரையும் எடுத்து ஒக்சிடோசின் அளவைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் நீண்ட நேரம் பார்த்திருந்த சோடிகளில் மனிதருக்கும் அளவு கூடியிருந்தது, நாய்க்கும் கூடியிருந்தது. மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அந்தப் பார்வையும் இல்லை, அந்த ஏற்றமும் இல்லை.

பிறகு நாய்களின் மூக்கில் ஒக்சிடோசினைத் தெளித்துப் பார்த்தார்கள். பெண் நாய்கள் தங்கள் ஆளைக் கூடுதல் நேரம் பார்த்தன. ஒன்றும் தெளிக்கப்படாத அந்த மனிதருக்கும் ஒக்சிடோசின் ஏறியது.

இதை ஊஞ்சலாக நினைத்தால் இலகுவில் விளங்கும். நாய் பார்க்கிறது, எனக்குள் ஒக்சிடோசின் கொஞ்சம் ஏறுகிறது. அந்த இதத்தில் நான் குனிந்து தடவுகிறேன், அதற்குள்ளும் ஏறுகிறது, அது இன்னும் பார்க்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு தள்ளு, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தள்ளு. தாய்க்கும் கைக்குழந்தைக்கும் இடையில் ஆடுவதும் இதைப் போன்ற ஊஞ்சல்தான். நாய் எப்படியோ அதில் ஏறிக்கொண்டது.

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்த இதமான பார்வை பழகிய நாய்க்கும் அதன் ஆளுக்கும் உரியது. தெருவில் நிற்கும் தெரியாத நாயைக் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் அது அன்பாகப் படாது, சண்டைக்கு அழைப்பதாகப் படலாம். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

அந்தப் பார்வைக்கென்று உடம்பில் ஓர் உறுப்பும் உண்டு. நாயின் கண்ணுக்கு மேலே, புருவத்தின் உட்பக்கத்தைத் தூக்கும் ஒரு சிறு தசை இருக்கிறது. 2019இல் ஜூலியானே கமின்ஸ்கி என்ற ஆய்வாளரின் குழு காட்டியது இது: நாய்களில் அந்தத் தசை நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாய்களில் அந்த இடத்தில் மெல்லிய இழைகளே காணப்பட்டன. புருவம் தூக்கினால் கண் பெரிதாகவும் கவலை தோய்ந்ததாகவும் தெரியும். நான் சாப்பிட இருக்கும்போது மணி மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று செய்வது அதைத்தான். முதலில் இடப் புருவம் எழும், பிறகு வலது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு தட்டிலுள்ள பாணை முழுதாகத் தின்று முடித்தவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

மூக்கு அறிந்த உறவு

நாம் முகத்தால் ஆளை அறிகிறோம். நாய்க்கு முதல் சாட்சி மூக்கு. என் சாரத்தை யன்னலடியில் போட்டுவிட்டுப் போனால் மணி அதைச் சுருட்டித் தலைக்குக் கீழே வைத்துப் படுத்துவிடுவான்.

அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பேர்ன்ஸ் என்ற மூளை ஆய்வாளர், மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்க நாய்களைப் பொறுமையாகப் பழக்கினார். கட்டிப்போடவில்லை, மயக்க மருந்தும் இல்லை. பிறகு அவற்றின் மூக்கருகே வெவ்வேறு மணங்களைக் காட்டினார்: தெரிந்த மனிதர், தெரியாத மனிதர், தெரிந்த நாய், தெரியாத நாய், தன்னுடைய மணம். மூளையில், நல்லது ஒன்று வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் உயிர்க்கும் ஒரு பகுதி உண்டு. தெரிந்த மனிதரின் மணத்துக்கே அந்தப் பகுதி மிகக் கூடுதலாக இயங்கியது. அந்த மனிதர் அப்போது அறையில்கூட இல்லை.

பின்னர் அதே குழு, உணவையும் சொந்தக்காரரின் பாராட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தது. பெரும்பாலான நாய்களின் மூளை, பாராட்டுக்கு உணவுக்குச் சமமாகவோ அதைவிடக் கூடவோ இயங்கியது. மூன்றாம் மாடி அன்ரிக்கு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ஊரில எங்கட டொமி நான் பள்ளிக்கூடத்தால வரும்வரைக்கும் ஒழுங்கை முடக்கில நிண்டது சோத்துக்கு இல்லை" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

பெரஹராவில் வரும் யானையும் வீட்டு நாயும்

பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய வெண்பா படித்திருப்போம். யானை தன்னை வளர்த்த பாகனை நன்றாக அறிந்திருந்தும் ஒரு நாள் கொன்றுவிடும், நாயோ எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலைக் குழைக்கும் என்பது அதன் பொருள். புலவர் நட்பைப் பற்றிச் சொல்ல வந்தவர். ஆனால் உயிரியலில் உள்ள ஒரு முக்கியமான வேறுபாட்டையும் அந்த உவமைக்குள் காண்கிறேன்.

பெரஹரா ஊர்வலத்தில் மின்விளக்குப் போர்த்தி நடந்துவரும் யானை பழக்கப்பட்ட விலங்கு. அதன் மூதாதையர் காட்டு யானைகள். அதற்குக் குட்டி பிறந்தால் அதையும் முதலிலிருந்து பழக்க வேண்டும். ஒரு தனி விலங்கு மனிதரோடு இருக்கக் கற்றுக்கொள்வது பழக்கம். தலைமுறை தலைமுறையாக மனிதரோடு வாழ்ந்து, பிறப்பிலேயே மனிதரோடு வாழ ஏற்றதாக ஓர் இனமே மாறிவிடுவது வேறு, அதற்கு வீட்டினமாதல் என்று பெயர். மாடு, ஆடு, கோழி எல்லாம் வீட்டினங்கள். அவை எல்லாவற்றுக்கும் முந்தியது நாய்.

அது ஓநாயின் வழிவந்தது. மனிதர் பயிர் செய்யத் தொடங்குவதற்கு முன்பே, வேட்டையாடித் திரிந்த காலத்திலேயே நம்மோடு சேர்ந்துவிட்டது. மனிதரின் தங்குமிடங்களை அண்டி வந்த ஓநாய்களில் பயம் குறைந்தவை அங்கே நிலைத்து, அவற்றின் குட்டிகளில் பயம் இன்னும் குறைந்து, இப்படியே நாய் உருவானது என்பது பலர் ஏற்கும் ஒரு விளக்கம்.

இப்படி ஒரு மாற்றம் எவ்வளவு விரைவில் நிகழலாம் என்பதை ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் பார்த்திருக்கிறார்கள். 1959இல் திமித்ரி பெல்யாயெவ் என்ற மரபியலாளர் நரிகளை வைத்து ஒரு நீண்ட பரிசோதனையைத் தொடங்கினார். மனிதருக்கு ஆகக் குறைவாகப் பயப்படும் நரிகளை மட்டும் தெரிந்து இனம்பெருக்கினார். சில தலைமுறைகளிலேயே வாலை ஆட்டும், மனிதரின் கையை நக்கும் நரிக்குட்டிகள் பிறந்தன. சிலவற்றுக்குக் காது தொங்கியது, உடம்பில் வெள்ளைத் திட்டு வந்தது. பயம் குறைந்ததைத் தவிர வேறொன்றையும் அவர் தெரிவு செய்யவில்லை. மணியின் மடிந்த காதைத் தடவும்போதெல்லாம் அந்த நரிகள் என் நினைவுக்கு வரும்.

வீட்டினமாதல் நாயின் நடத்தையில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதை 2003இல் ஆடம் மிக்லோஷி என்ற ஆய்வாளரின் குழு காட்டியது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களுக்கும் நாய்களுக்கும் முதலில் திறக்கக்கூடிய உணவுப் பெட்டியைக் கொடுத்தார்கள். பிறகு அதைத் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். ஓநாய்கள் பெட்டியோடேயே மல்லுக்கட்டின. நாய்கள் கொஞ்சம் முயன்றுவிட்டுத் திரும்பி மனிதரின் முகத்தைப் பார்த்தன. பந்து அலுமாரிக்குக் கீழே உருண்டுவிட்டால் உங்கள் நாய் என்ன செய்யும்? ஒரு முறை கையை விட்டுப் பார்க்கும், பிறகு உங்களைப் பார்க்கும். அந்தத் திரும்பிப் பார்த்தலுக்குப் பின்னால் பல ஆயிரம் வருடங்கள் இருக்கின்றன.

அந்த ஆயிரம் வருடங்களின் ஒரு சாட்சி ஜேர்மனியில் கிடைத்தது. 1914இல் பொன் (Bonn) என்ற நகருக்கு அருகே ஒபர்காசல் என்ற இடத்தில், கல் உடைக்கும் வேலையின்போது சுமார் 14,000 வருடம் பழமையான ஒரு புதைகுழி வெளிப்பட்டது. ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஏழு மாதமளவான ஒரு நாய்க்குட்டி. அண்மைக் காலத்தில் அதன் பற்களை ஆராய்ந்தவர்கள், அது சாவதற்கு முன் டிஸ்டெம்பர் என்ற கடும் நோயால் வாரக்கணக்கில் துன்பப்பட்ட தடயங்களைக் கண்டார்கள். மிருக வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள், அந்த நோய் கண்ட குட்டிக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் காய்ச்சலும் ஒன்றாக வரும், பக்கத்தில் இருந்து துடைத்து, தண்ணீர் பருக்கிப் பார்க்காவிட்டால் தாங்காது. வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத ஒரு நோயாளிக் குட்டியை யாரோ ஒருவர் அந்தப் பனியுகக் குளிரில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். பின்பு தங்கள் ஆட்களோடு சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள்.

சுருக்கமாக: யானையைப் போல ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகப் பழக்க வேண்டிய விலங்கல்ல நாய். மனிதரிடம் பற்று வைக்கும் இயல்போடேயே அது பிறக்கிறது. ஆனால் அந்த இயல்பு மலரக் குட்டிப் பருவத்தில் மனிதக் கை பட வேண்டும். பிறந்து மூன்றாம் வாரம் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரையான காலம் அதற்கு மிக முக்கியம். கோயில் வாசலிலும் சந்தையடியிலும் அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகும் குட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிவது இதனால்தான். அவை இழப்பது சோற்றை மட்டுமல்ல, மனிதரை நம்பப் பழகும் அந்த வாரங்களையும்தான்.

"செய்த பிழை அவனுக்கு வடிவாத் தெரியும்"

பற்றுறவைச் சரியாக விளங்காததால் நாய்க்கு நாம் செய்யும் ஓர் அநியாயத்தையும் சொல்ல வேண்டும். வேலையால் வருகிறோம். சப்பாத்து கடித்துக் குதறிக் கிடக்கிறது. நாய் காதைப் பின்னுக்கு மடித்து, வாலைக் கால்களுக்கிடையில் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. "பார், செய்த பிழை அவனுக்கு வடிவாத் தெரியும்" என்று ஏசுகிறோம், சிலர் அடிக்கவும் செய்கிறார்கள்.

2009இல் நியூயோர்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். சொந்தக்காரர், "தொடாதே" என்று ஒரு தின்பண்டத்தைக் காட்டிவிட்டு வெளியே போவார். திரும்பி வரும்போது, நாய் தின்றதா இல்லையா என்று அவருக்குச் சொல்லப்படும். அது சில வேளை உண்மை, சில வேளை பொய். அந்தக் "குற்றவாளி முகம்" நாய் தின்றதா என்பதைப் பொறுத்து வரவில்லை, சொந்தக்காரர் ஏசினாரா என்பதைப் பொறுத்தே வந்தது. தின்னாமலேயே ஏச்சு வாங்கிய நாய்களிடம்தான் அந்த முகம் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது.

அது குற்ற உணர்வு அல்ல, பயம். தன் துறைமுகத்திலேயே புயல் அடிக்கும்போது ஒரு நாய் காட்டும் முகம் அது. சப்பாத்தைக் கடித்துச் சில மணி நேரம் ஆனபின் விழும் அடியை நாயால் சப்பாத்தோடு முடிச்சுப்போட முடியாது. கதவு திறந்ததும் நீங்கள் வந்தீர்கள், அடி விழுந்தது. அதற்கு விளங்குவது அவ்வளவுதான்.

இதோடு சேர்ந்த இன்னொரு பிழையான எண்ணம், "நாய்க்கு யார் தலைவன் என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தலையில் ஏறிவிடும்" என்பது. 1940களில் சுவிஸ் நாட்டின் பாசல் மிருகக்காட்சிச்சாலையில், அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவிய கதை அது. அதை உலகெங்கும் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் பிற்காலத்தில் காட்டு ஓநாய்களை நேரில் நீண்டகாலம் கவனித்துவிட்டு, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம் என்று தானே திருத்தினார். நாயைத் தரையில் அமுக்கிப் பிடித்துத் தலைமை காட்டச் சொல்லும் ஆட்களிடம் தயவுசெய்து நாயைக் கொடுக்காதீர்கள்.

கொழும்பில் இதை வைத்துக்கொண்டு வாழ்வது

பற்றுறவு இருக்கும் இடத்தில் பிரிவுத் துயரும் இருக்கும். தொடர்மாடியில் வளரும் நாய்களுக்கு இது பெரிய பிரச்சினை. காலை எட்டு மணிக்குக் கதவு பூட்டினால் இரவு ஏழு மணிக்குத்தான் திறக்கும். பக்கத்து வீட்டார் "உங்கட நாய் நாள் முழுக்கக் குரைக்குது" என்று முறையிடுவார்கள். அது பிடிவாதம் அல்ல, புடாபெஸ்ற் அறையின் கதவடியில் நின்ற நாய்களின் அதே கலக்கம். முதலில் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து, பிறகு பதினைந்து என்று வெளியே போய்த் திரும்பி, போனவர் வருவார் என்பதை அதற்குக் காட்ட வேண்டும். எங்களுக்கு ஒன்றரை மாதம் எடுத்தது. இப்போது திறப்பு கிலுங்கும் சத்தம் கேட்டால் மணி தலையை ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வான்.

டிசம்பர் 31 இரவும் சித்திரைப் புத்தாண்டும் கொழும்பு நாய்களுக்குக் கொடிய நாட்கள். வெடிச் சத்தத்தில் ஓடித் தொலைந்துபோகும் நாய்கள் பல. பயந்த நாயைத் தடவினால் பயம் பழகிப்போகும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். புயலில் கப்பல் துறைமுகத்துக்குத்தான் வரும். யன்னலைச் சாத்தி, டிவியைப் போட்டு, பக்கத்தில் இருங்கள்.

விசர்நாய்க்கடி நோய்க்கு எதிரான ஊசியை வருடாவருடம் போடுவதும் இந்த உறவின் பகுதிதான். எந்த நாய் கடித்தாலும் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே சிகிச்சை இலவசம். நோய்க்குறி தோன்றிய பிறகு காப்பாற்ற வழியில்லை என்றே சொல்ல வேண்டும். "குரைக்கிற நாய் கடிக்காது" என்ற பழமொழியை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். பயந்து குரைக்கும் நாய் கடிக்கவும் செய்யும்.

ஆட்டோத் தரிப்பிடங்களில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நாய் படுத்திருக்குமே, அதற்கும் ஒரு ஆள் இருப்பார். எங்கள் வீதி முடக்கில் இருக்கும் வெள்ளைப் பெட்டைக்குப் பாணும் மீன் முள்ளும் கொடுப்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அது இரவில் படுப்பது ஒரே ஒரு ஆட்டோவின் முன்சில்லடியில். அந்த அண்ணா இரண்டு நாள் வராவிட்டால் அந்தச் சில்லு நிற்கும் இடத்தில், வெறும் தாரில் படுத்திருக்கும்.

ஆறாம் நாள் பின்னேரம் யாழ்ப்பாணத்தால் வந்து நேரே தெஹிவளைக்குப் போனோம். மணி பாய்ந்து விழுவான் என்று நினைத்திருந்தேன். அவன் கேற்றடியில் எழும்பி நின்றான், என் காலை மணந்தான், பிறகு நெற்றியை என் முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே நின்றான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாமி அன்று மதியம் வைத்த சோறு முற்றத்தில் ஈ மொய்த்தபடி இருந்தது. "ஆறு நாளில நாலு வாய் தின்றிருந்தால் அதிகம்" என்று சொல்லிக்கொண்டே அதை எடுத்துக் கொட்டிவிட்டுப் புதுச்சோறு போட்டு வைத்தார். நான் படியில் இருந்தேன். மணி கோப்பைக்குப் போய் ஒரு வாய் எடுத்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான், மறுபடி குனிந்தான். கோப்பை வெறுமையாகும்வரைக்கும் நான் படியை விட்டு எழும்பவில்லை.